தயிர் டப்பாவில் உப்பு

லிஃப்ட் மெக்கானிக் காலி டப்பாக்களைச் சேர்க்க ஆரம்பித்தது அந்த வருடத்து மழைக்காலத்தில்தான். இருபத்திரண்டு வருடக் குடித்தனத்தில் அதுவரைக்கும் அவருக்கும் சமையலறைக்கும் இருந்த ஒரே சம்பந்தம் காலை டீ. அதை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். அவருடைய மனைவிக்கு ஒரு கல்லூரி கேன்டீனில் சமையல் பொறுப்பு. காலை ஆறரைக்கெல்லாம் வீட்டை விட்டுக் கிளம்பியாக வேண்டும். "ஊருக்கே பொங்கிப் போடுறவளுக்கு ஒரு வாய் டீ நான் போட்டுத் தரக் கூடாதா?" என்பார். டீயோடு அவளுடைய பிரஷர் மாத்திரையையும் பிரித்து உள்ளங்கையில் வைத்து நீட்டுவார். அவள் ஒரு கையால் தலையை வாரிக்கொண்டே மறு கையால் மாத்திரையை வாயில் போட்டு, டீயை ஊற்றிக்கொண்டு, செருப்பை மாட்டியபடி ஓடுவாள்.

ஒரு நாள் தயிர் தீர்ந்துபோன டப்பாவை அவள் குப்பைக்கூடையில் போடப் போனபோது அவர் தடுத்தார்.

"அதைக் கழுவிக் கொடும்மா. நல்ல டப்பா. எதுக்குத் தூக்கிப் போடுற?"

"இதை வச்சு என்ன பண்ணப் போறீங்க?"

"உப்பு போட்டு வைக்கலாம்."

உப்புக்கு ஏற்கனவே ஒரு ஜாடி இருந்தது. இருந்தாலும் உப்பு தயிர் டப்பாவுக்குக் குடிபோனது. மறுவாரம் சர்க்கரை, சதுரமான ஐஸ்கிரீம் டப்பாவுக்குப் போனது. டீத்தூளுக்கு வெண்ணெய் டப்பா. ஆணியைச் சூடாக்கி மூடிகளில் புள்ளி புள்ளியாக அழுத்தினார். உப்புக்கு ஒன்று, சர்க்கரைக்கு இரண்டு, டீத்தூளுக்கு மூன்று. எதற்கு இந்த அலங்காரம் என்று கேட்டதற்கு, சும்மா கிடக்கிற கைக்கு ஒரு வேலை என்றார்.

அதோடு நிற்கவில்லை. ஐந்து லிட்டர் எண்ணெய் கேனைக் குறுக்காக வெட்டி, கைப்பிடியோடு அரிசி அள்ளும் முகவை செய்தார். தண்ணீர் பாட்டில்களின் அடியை வெட்டிக் குளியலறைச் சுவரில் திருகினார். ஆளுக்கொரு பல்துலக்கி, ஆளுக்கொரு குவளை, தன்னுடையது மட்டும் வரிவரியாக மேடு பள்ளம் வைத்த பாட்டில். மஞ்சள் நிற வெண்ணெய் மூடிகளை நடுவில் துளைத்து ஒவ்வொரு சுவிட்சைச் சுற்றியும் ஒட்டினார், கை அழுக்கு சுவரில் படாமல் இருக்கும் என்று. அதே மஞ்சள் டப்பாக்களைப் பட்டைபட்டையாக நறுக்கி, மூன்று மாடிப் படிக்கட்டின் ஒவ்வொரு விளிம்பிலும் பசை போட்டு ஒட்டினார். லிஃப்ட் மெக்கானிக் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் இல்லை என்பது அந்தத் தெருவின் நிரந்தர வேடிக்கை. "லிஃப்டுதான் வரலை, படியாவது வழுக்காம இருக்கட்டும்" என்றார். கீழ்வீட்டு டீச்சர் அதைப் பார்த்து அசந்துபோய், தன் வீட்டுக் காலி டப்பாக்களையெல்லாம் ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். அடுத்தடுத்த வீடுகளிலிருந்தும் பைகள் வந்தன. கேன்டீனிலிருந்து மனைவியும் ஜாம் டப்பா, ஊறுகாய் வாளி என்று சுமந்து வந்தாள்.

கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கும் மகள் அப்பாவுக்கு டப்பா மன்னர் என்று பட்டம் சூட்டி, அவருடைய கைவேலைகளைப் படம் பிடித்து போனில் போட்டாள். யார் யாரோ பாராட்டி எழுதினார்கள். மகள் அதை வாசித்துக் காட்டும்போது அவர் தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டிருப்பார். மனைவிக்குக்கூட உள்ளுக்குள் பெருமைதான். வேலை முடிந்து வந்தால் டிவி முன்னால் மல்லாந்து கிடக்கும் ஆண்களை அவள் பார்த்திருக்கிறாள். இவர் வீட்டுக்காக ஏதோ செய்கிறார்.

மழைக்காலம் போய் வெயில் வந்தபோது பெருமை தேய ஆரம்பித்தது. முதல் காரணம் அவருடைய கோபம். அவர் கோபப்பட்டு அதுவரை யாரும் பார்த்ததில்லை. ஒரு நாள் மகள் சர்க்கரை டப்பாவை எடுத்துவிட்டு மேல் தட்டில் வைத்துவிட்டாள். மாலையில் அவர் வந்து தேடினார்.

"எடுத்த இடத்துல வைக்கத் தெரியாதா உனக்கு?"

"மேல்தட்டுலதான்ப்பா இருக்கு. கண்ணு முன்னாடியே இருக்கு."

"எடுத்த இடத்துல வைன்னு சொன்னேன்."

குரல் உடைந்துபோகிற அளவுக்குக் கத்தினார். மகள் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

இன்னும் சில மாறுதல்கள் இருந்தன. முதுகுவலி என்று ஸ்கூட்டரை விட்டுவிட்டு, கம்பெனி வேன் ஆட்களை ஏற்றிப்போகும் முனை வரை நடந்தார். செய்தித்தாளை நிறுத்தச் சொன்னார். எல்லாம் பொய், காசு கொடுத்துப் பொய்யைப் படிக்கணுமா என்றார். டீயை கிளாஸில் ஊற்றும்போது விளிம்புக்குள் கட்டைவிரலை விட்டுக்கொண்டார். "என்ன பழக்கம் இது, கேன்டீன்ல எவனாவது இப்படிப் பண்ணினா கையை உடைச்சிருப்பேன்" என்று மனைவி சொன்னாள். அவர் அந்த கிளாஸைத் தான் எடுத்துக்கொண்டார். ஒவ்வொன்றும் தனித்தனியாக வந்ததால் எதுவும் பெரிதாகத் தெரியவில்லை. நாற்பத்தெட்டு வயதில் மனுஷர் கொஞ்சம் மாறத்தான் செய்வார் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

கோடையில் ஒரு நாள் அவருடைய தங்கை போன் செய்தாள். அடுத்த வாரம் குடும்பத்தோடு வந்து நான்கு நாள் தங்கப்போவதாகச் சொன்னாள். போனை வைத்துவிட்டு மனைவி தன் சமையலறையைச் சுற்றிப் பார்த்தாள். மூன்று தட்டு நிறைய லேபிள் கிழிந்த டப்பாக்கள். நாத்தனார் வாய் சும்மா இருக்காது. அண்ணன் சம்பாதிக்கிறது போதலையா அண்ணி, பழைய சாமான் கடை வைக்கப் போறீங்களா என்று சிரித்துக்கொண்டே கேட்பாள். ஊருக்குத் திரும்பியதும் பத்துப் பேரிடம் சொல்லியும் சிரிப்பாள்.

பதினைந்து வருட வேலைக்காகக் கல்லூரியில் அவளுக்குக் கொடுத்த பரிசு பிரிக்காமல் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. பன்னிரண்டு கண்ணாடி ஜாடிகள், எல்லாம் ஒரே அளவு, ஒரே வெள்ளி மூடி. ஞாயிற்றுக்கிழமை அவரை அவசரமாக ஒரு கட்டடத்துக்குக் கூப்பிட்டுக்கொண்டு போனார்கள். அம்மாவும் மகளும் அன்றே வேலையை முடித்தார்கள். உப்பு, சர்க்கரை, பருப்பு எல்லாம் ஜாடிக்கு மாறின. அலமாரியில் இரண்டு டப்பாக்களில் பிரித்து வைத்திருந்த மாத்திரைகளை, உருண்டை டப்பாவிலிருந்து அவளுடைய பிரஷர் மாத்திரை, சதுர டப்பாவிலிருந்து அவருடைய சுகர் மாத்திரை என எடுத்து, அம்மா ஒரே பிஸ்கட் தகர டின்னில் போட்டாள். அவளுடையது பிரிக்காத புது அட்டை. பழைய டப்பாக்கள் நான்கு கோணிப்பை. தெருவில் போன பழைய பிளாஸ்டிக் எடுப்பவர் மூச்சு வாங்க மூன்று மாடி ஏறி வந்து தூக்கிக்கொண்டு போனார்.

சாயங்காலம் அவர் வந்தார். கோபத்துக்குத் தயாராக அவள் அடுப்படியிலேயே நின்றாள். அவர் தட்டுக்கு முன்னால் வந்து கையை நீட்டினார். ஒரு ஜாடியைத் தொட்டார். அடுத்ததைத் தொட்டார். அடுத்ததையும்.

"எல்லாம் ஒரே மாதிரி இருக்கு" என்றார்.

"செட்டுங்க. ஒரே மாதிரிதான் இருக்கும். நல்லா இருக்கா?"

"பழசெல்லாம் எங்கே?"

"எடுக்கிறவர்கிட்ட கொடுத்தாச்சு."

அவர் கை ஜாடியின் மேலேயே இருந்தது.

"மாத்திரை?"

"பிஸ்கட் டின்ல இருக்கு. உங்களோடது, என்னோடது எல்லாம் அதுலதான்."

"சரி" என்றார். "நல்லா இருக்கு." போய் பால்கனி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். நிம்மதியாகப் போய்விட்டதே என்று அவள் பெருமூச்சு விட்டாள்.

மறுநாள் காலையில் வழக்கம்போல டீ வந்தது. சர்க்கரை சரியாக இருந்தது. உள்ளங்கையில் மாத்திரை. அவள் தலையை வாரிக்கொண்டே வாயில் போட்டு விழுங்கிவிட்டு ஓடினாள்.

திங்கட்கிழமைகளில் கேன்டீனில் கூட்டம் அதிகம். அவள் காலையில் எதுவும் சாப்பிடவில்லை. பத்து மணிக்குக் கை நடுங்கியது. வெக்கை என்று நினைத்தாள். கொஞ்ச நேரத்தில் ரவிக்கை நனைந்து ஒட்டும் அளவுக்கு வியர்த்தது. எதிரில் காய் நறுக்கிக்கொண்டிருந்தவள், "அக்கா, உட்காருங்க" என்று சொன்னது எங்கோ தூரத்தில் கேட்டது. பெரிய பாத்திரத்தின் மூடியைத் தூக்கியபடியே சரிந்தாள். பாத்திரம் சாய்ந்து, கொதித்துக்கொண்டிருந்த தண்ணீர் இடது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கொட்டியது. நல்லவேளை, பக்கத்தில் நின்றவள் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். முன்பக்கமாக விழுந்திருந்தால் முகம் போயிருக்கும்.

ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது கையில் கட்டு, மறுகையில் குளுக்கோஸ். மகள் கட்டில் ஓரத்தில் நின்றாள். இளம் டாக்டர் ஒருவர் ரிப்போர்ட்டைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"உங்களுக்கு சுகர் இருக்கா?"

"இல்லைங்க. பிரஷர் மட்டும்தான்."

"சுகர் மாத்திரை எதுவும் சாப்பிடுறீங்களா?"

"இல்லைங்க."

"சுகர் ரொம்பக் கீழே போயிருக்கு. மாத்திரை சாப்பிட்டாத்தான் இப்படிப் போகும். வீட்டுல இருக்கிற மாத்திரையெல்லாம் கொண்டுவரச் சொல்லுங்க."

மகள் ஓடிப்போய் பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தாள். திறந்து பார்த்தவள், "அம்மா, உன் அட்டை நேத்து வச்ச மாதிரியே இருக்கு. பத்தும் இருக்கு. அப்பாவோடதுல ஒண்ணு குறையுது. காலையில அப்பாதானே எடுத்துக் கொடுத்தாரு?" என்றாள்.

டாக்டர் இரண்டு அட்டைகளையும் வாங்கிப் பார்த்தார். இரண்டும் ஒரே அளவு சின்ன உருண்டைதான். அவளுடையது ரோஸ் நிறம். அவருடையது பச்சை.

"நிறம், பேரு எல்லாமே வேற. பார்க்காமக் கொடுத்திருக்காரு" என்றார் டாக்டர். "இனிமே பார்த்துக் கொடுக்கச் சொல்லுங்க."

அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். அவள் மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். பார்க்காமக் கொடுத்திருக்காரு. கட்டைவிரல் கிளாஸுக்குள் ஏன் போனது? படிக்கட்டில் மஞ்சள் பட்டை, சுவிட்சைச் சுற்றி மஞ்சள் மூடி. ஸ்கூட்டர். செய்தித்தாள். மூடியில் ஒன்று, இரண்டு, மூன்று என்று புள்ளிகள். எடுத்த இடத்தில் வை என்று தொண்டை கிழியக் கத்தியது. எட்டு மாதமாக அவள் கண் முன்னால் நடந்தது இது. அவள்தான் கேன்டீனிலிருந்து டப்பா சுமந்து வந்தாள்.

"அம்மா, ஏன் அழற? கை எரியுதா?" என்றாள் மகள்.

"ஆமா" என்றாள்.

சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர் வாசலிலேயே நின்றிருந்தார். மகள் போனில் விஷயத்தைச் சொன்னதும் வேலையிலிருந்து வந்திருந்தார். அவள் நாற்காலியில் உட்கார்ந்து, மகளை உள்ளே அனுப்பிவிட்டு, இரண்டு மாத்திரை அட்டைகளை மேசைமேல் வைத்தாள்.

"இதுல எது என்னோடது?"

அவர் குனிந்தார். முகத்தை அட்டைக்கு ஒரு சாண் தூரத்துக்குக் கொண்டுபோனார். தலையை இப்படியும் அப்படியும் சாய்த்தார். பிறகு நிமிர்ந்தார்.

"தெரியலை" என்றார்.

"எவ்வளவு நாளா?"

"இடது கண்ணு மழைக்கு முன்னாடியே போச்சு. வலது கண்ணுல நடுவுல கறுப்பா ஒரு திட்டு. ஓரத்துல தெரியும். மஞ்சள் நல்லாத் தெரியும்." கொஞ்சம் நிறுத்தினார். "சுகர்னால வர்றதாம். மருந்துக் கடைக்காரர் சொன்னாரு."

"டாக்டர்கிட்ட போகலையா?"

"போனா வேலைக்கு லாயக்கில்லைன்னு எழுதிக் கொடுத்துடுவாரு. கம்பெனியில கண் டெஸ்ட் வருஷா வருஷம் கிடையாது. நாமளே போய் மாட்டிக்கணுமான்னு..."

"காலையில டீ சரியா இருந்துச்சே. அது எப்படி?"

"ஒவ்வொரு ஜாடியா விரல்ல தொட்டு நாக்குல வச்சுப் பார்த்தேன். மாத்திரையை எப்படிம்மா பார்க்கிறது? ரெண்டு அட்டையும் ஒரே அளவு, உள்ளே மாத்திரையும் ஒரே அளவு. எப்பவும் உன்னோடது வலது பக்கம் இருக்கும். அதான் வலது பக்கத்துல இருந்ததை எடுத்தேன்."

"நீங்க எதைச் சாப்பிட்டீங்க?"

அவர் அட்டைகளை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் மறுபடி கேட்டாள்.

"நான் சாப்பிடலை. எதுன்னு தெரியலை. மாத்திச் சாப்பிட்டுட்டா என்ன பண்றதுன்னு பயமா இருந்தது."

அவள் அவரையே பார்த்தாள். வெந்த கை விண்விண்ணென்று தெறித்தது.

"உங்களுக்குப் பயமா இருந்துச்சு. எனக்கு மட்டும் கொடுத்தீங்க."

"கொடுக்கலைன்னா ஏன் கொடுக்கலைன்னு நீ கேட்டிருப்ப."

அவ்வளவுதான் சொன்னார். அதில் மறைக்க எதுவும் இல்லை. அந்தக் காலையில் அவர் நினைத்தது அது மட்டும்தான். அவளால் அந்த வார்த்தையைத் தாண்டிப் போக முடியவில்லை.  பிறகு அவளுக்கு இன்னொன்று உறைத்தது.

"வேலையில என்ன பண்றீங்க?"

"கை பார்த்துக்கும்மா. இருபத்தொரு வருஷம். கயிறுல இழை அறுந்திருந்தா துணியை வச்சுத் தடவினாலே மாட்டும். பிரேக் கட்டை தேய்ஞ்சிருந்தா நகத்துக்குத் தெரியும்."

"ரீடிங் எழுதணுமே. நீங்கதானே சொல்வீங்க, ஒவ்வொண்ணுக்கும் அளவு எழுதிக் கையெழுத்துப் போடணும்னு."

"போன தடவை எழுதினதையே எழுதுவேன். மனப்பாடமா இருக்கு."

"அதுல ஏறுறவங்க?"

அவர் எழுந்து பால்கனிக் கதவுப் பக்கம் போனார். கதவு பாதி திறந்திருந்தது. அதன் விளிம்பில் அவர் கோத்துத் தொங்கவிட்டிருந்த பாட்டில் மூடிச் சரத்தையும் ஞாயிற்றுக்கிழமை அவள் கழற்றிப் போட்டிருந்தாள். நெற்றி இடித்தது. அவள் முதல்தடவையாக அதைப் பார்த்தாள்.

"நாளைக்கே சூப்பர்வைசர்கிட்ட சொல்லிடுங்க" என்றாள்.

"ஒரு மாசம் டைம் கொடு. கண்ணைக் காட்டி, மருந்து போட்டு, சரியாச்சுன்னா..."

"ஒரு நாள்கூட முடியாது."

"சொன்னா என்னை வீட்டுல உட்கார வச்சிடுவாங்க. நான் என்ன பண்ணுவேன் வீட்டுல? டப்பா வெட்டவா?"

அவள் கட்டுப் போட்ட கையைத் தூக்கி மேசைமேல் வைத்தாள். நாளைக்குச் சொல்கிறேன் என்று அவர் சொன்னார். மறுநாள் வலி மாத்திரை மயக்கத்தில் அவள் எழுந்தபோது மணி ஒன்பது. அவர் பையைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போயிருந்தார். பத்து மணிக்கு அவள் அவருக்கு போன் செய்தாள்.

"சொல்லிட்டீங்களா?"

"மேலே வேலையா இருக்கேன். அப்புறம் பேசறேன்."

பின்னால் கம்பிகள் உரசும் சத்தம் கேட்டது. லிஃப்ட் கூண்டின் கூரைமேல் நிற்கிறார் என்று புரிந்தது. அவள் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மகள் எதிரில் நின்றாள்.

"அம்மா, நீ சொல்லிடு."

"உங்கப்பா என்னை மன்னிக்க மாட்டாரு."

"அதை அப்புறம் பார்த்துக்கலாம்மா."

சூப்பர்வைசர் அவளுக்குப் பழக்கம்தான். இவரிடம் தொழில் பழகி மேலே வந்தவர். அவளை அண்ணி என்று கூப்பிடுவார். போனை எடுத்ததும், "சொல்லுங்க அண்ணி, கை எப்படி இருக்கு?" என்றார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள்.  

"அண்ணன் இப்போ எங்கே இருக்காரு தெரியுமா அண்ணி?" என்றார் அவர். "எட்டாவது மாடி. நானே போறேன்."

பதினொன்றரைக்கு வேன் வந்து நின்றது. கணவர் இறங்கி மேலே வந்தார். கருவிப்பையைக் கதவுக்குப் பின்னால் வைத்தார். கை கால் கழுவினார். "எல்லார் முன்னாடியும் கையைப் பிடிச்சு இறக்கிக் கூட்டிட்டு வந்தான்" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு ஒன்பது நாள் மனைவியோடு பேசவில்லை.

அந்த ஒன்பது நாளும் வீடு நடக்கத்தான் செய்தது. நாத்தனாரிடம் உடம்பு சரியில்லை என்று சொல்லி வருகையைத் தள்ளிப்போட்டார்கள். மகள் பழைய பிளாஸ்டிக் எடுப்பவரைத் தேடிப் போனாள். அவர் கிடைத்தார், டப்பாக்கள் கிடைக்கவில்லை. அன்றைக்கே நசுக்கிக் கட்டி லாரியில் ஏற்றிவிட்டார்களாம். மகள் ஜாடிகளுக்கு ரப்பர் பேண்ட் மாட்டிப் பார்த்தாள். உப்புக்கு ஒன்று, சர்க்கரைக்கு இரண்டு. அவர் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கழற்றி வைத்தார். டீ போடவில்லை. காலையில் அவளே போட்டுக்கொண்டாள், ஒற்றைக் கையால். மாத்திரையை அவளே எடுத்துக்கொண்டாள். எடுக்கும்போது அட்டையைத் திருப்பிப் பெயரை ஒருமுறை படித்தாள். அவர் அறைக்குள் இருந்தாலும், அட்டை நெரியும் சத்தம் வெகுநேரம் கேட்பதை அவர் கவனிக்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. இருந்தாலும் படித்தாள்.

பத்தாம் நாள் சூப்பர்வைசர் வீட்டுக்கு வந்தார். தண்ணீர் கொடுத்தும் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"அண்ணே, எட்டு மாசத்துல நீங்க கையெழுத்துப் போட்டது முப்பத்தினாலு லிஃப்ட். எல்லாத்தையும் திரும்பப் பார்த்தோம்."

"சரி."

"முப்பத்தொண்ணு சரியா இருந்துச்சு. ரெண்டுல சின்னச் சின்னது. ஒண்ணு..." அவர் அண்ணியைப் பார்த்தார். "முதியோர் இல்லத்துல இருக்கிறது. பிரேக் கட்டை சுத்தமாத் தேய்ஞ்சு இரும்பு தெரியுது."

"எந்தப் பக்கம்?"

"இடது."

"நான் தொட்டுப் பார்த்தேனே. நகத்துல மாட்டுச்சே."

"தொட்டிருப்பீங்க. மாட்டினது கட்டையைப் பிடிச்சிருக்கிற ஆணித் தலைண்ணே. கட்டை இல்லை. பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

 மெக்கானிக் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார். அந்தக் கையைத்தான் இத்தனை நாள் நம்பியிருந்தார்.

"யாருக்காவது..."

"யாருக்கும் ஒண்ணும் ஆகலை. அன்னைக்கே நிறுத்திட்டோம். மாத்தியாச்சு." சூப்பர்வைசர் எழுந்தார். "ஆபீஸ்ல விசாரணை இருக்கும். நான் பேசிப் பார்க்கிறேன். இனி லிஃப்ட் பக்கம் விட மாட்டாங்க. உதிரி பாகம் வைக்கிற இடத்துல ஏதாவது கிடைக்குமான்னு கேக்கறேன். உறுதியாச் சொல்ல முடியாது."

படியிறங்கும் சத்தம் கேட்டு முடியும் வரை அவர் அசையவில்லை. பிறகு முதல்தடவையாக மனைவியிடம் பேசினார்.

"அங்க ஒரு அம்மா இருக்காங்க. சக்கர நாற்காலி. ஒவ்வொரு தடவையும், தம்பி, இது பத்திரமா இருக்குல்லன்னு கேப்பாங்க. நான் தைரியமா ஏறுங்கம்மான்னு சொல்வேன்."

அவள் எழுந்து பக்கத்தில் போகவில்லை. போக வேண்டும் என்றுதான் இருந்தது. உங்களுக்குப் பயமா இருந்துச்சு, எனக்கு மட்டும் கொடுத்தீங்க என்ற நினைப்பு நடுவில் வந்து நின்றது. உட்கார்ந்த இடத்திலிருந்தே, "நாளைக்குக் கண் ஆஸ்பத்திரிக்குப் போகலாம்" என்றாள்.

"போகலாம்" என்றார்.

கண் டாக்டர் வயதானவர், சுற்றி வளைக்கவில்லை. இடது கண் இனி வராது என்றார். வலது கண்ணில் இருப்பதைக் காப்பாற்றலாம், மாதம் ஒரு ஊசி, ஆறு மாதம் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். "ஆரம்பத்துலயே வந்திருந்தா இடதையும் பார்த்திருக்கலாம்." இதை அவரைப் பார்த்துச் சொல்லாமல் அவளைப் பார்த்துச் சொன்னார், ஏதோ அவள்தான் கூட்டி வராதது போல.  அதில் பாதி நிஜம் என்று அவளுக்கே தோன்றியது. எட்டு மாதம் ஒரே தட்டுக்கு முன்னால் தோளோடு தோள் நின்றவள் அவள்.

நாட்கள் போயின. கை ஆறி, தோல் வேறு நிறமாக நின்றது. அவர் மறுபடி டீ போட ஆரம்பித்தார். மாத்திரையை மட்டும் தொடுவதில்லை. ஒரு நாள் டீ கிளாஸை வைத்துவிட்டு, "படிச்சுப் பார்த்துட்டுத்தானே போடுற?" என்று கேட்டார்.

"ஆமா."

"படி" என்றார். அதில் வருத்தம் இருந்ததா இல்லையா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

விசாரணை இன்னும் முடியவில்லை. சூப்பர்வைசர் இரண்டு தடவை போன் செய்தார், நல்லதும் சொல்லவில்லை, கெட்டதும் சொல்லவில்லை. முதியோர் இல்லத்துக்குப் போய் அந்த அம்மாவைப் பார்த்து உண்மையைச் சொல்ல வேண்டும் என்று அவர் ஒரு நாள் சொன்னார். கம்பெனியில் இப்போது வேண்டாம் என்று தடுத்துவிட்டார்கள்.

மூன்றாவது ஊசிக்குப் போன அன்று இருவரும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்து வந்தார்கள். அவர் அவளுடைய கையைப் பிடிக்க மறுத்து, நடைபாதைச் சுவரை ஒட்டி அரை அடி இடைவெளியில் நடந்தார். நிறுத்தத்தில் நல்ல கூட்டம். "இங்கேயே நில்லுங்க, சொட்டு மருந்து வாங்கிட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு அவள் பக்கத்து மருந்துக்கடைக்குள் போனாள். கடைக்காரர் சில்லறை தேடினார். அவள் திரும்பித் திரும்பி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு பஸ் வந்தது. அவர் நெற்றியைச் சுருக்கி அதைப் பார்த்தார். தலையைச் சாய்த்து, ஓரக்கண்ணில் பிடிக்கப் பார்த்தார். பஸ் நின்று, ஆளை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. அது அவர்களுடைய பஸ்தான். அவர் தெரிந்தது போலவே நின்றார், தனக்கு வேண்டிய பஸ் அது இல்லை என்பது போல. அந்த எட்டு மாதமும் இப்படித்தான் நின்றிருப்பார் என்று அவள் நினைத்தாள். போய்க் கையைப் பிடிக்கலாம் என்று ஓரடி எடுத்து வைத்தாள்.

அதற்குள் அவர் பக்கத்தில் நின்றிருந்த, காய்கறிப் பை வைத்திருந்த பெண்ணின் பக்கம் திரும்பினார். தொண்டையைச் செருமினார்.

"ஏங்க, எனக்குக் கண்ணு சரியாத் தெரியாது. இப்போ போனது எத்தனாம் நம்பர்?"

அந்தப் பெண் அவரை ஒருமுறை பார்த்தாள். "பதினேழு. உங்களுக்கு எது?"

"அதேதான்."

"பத்து நிமிஷத்துல அடுத்தது வரும். நானும் அதுலதான் போகணும். வந்தா சொல்றேன்."

"சொல்லுங்க" என்றார் அவர்.

அவள் சில்லறையை வாங்கிக்கொண்டாள். உடனே வெளியே வரவில்லை. அடுத்த பஸ் வரும்வரை கடை வாசலிலேயே நின்றாள்.